பிடி அரிசி கேட்க யாரும் வரவில்லை

காத்தோங், சிங்கப்பூர்
2 பிப்ரவரி 1959

லண்டனில் படிக்கும் அருமை மகள் சந்திரமதிக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லாரும் சௌக்கியம் என்று தொடங்குவதுதான் முறை. உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஆனால் எனக்கு இருக்கும் கோபத்தில் அந்த வார்த்தையை எழுதக் கை வரவில்லை. நீயாவது சௌக்கியமாக இரு. பனி அதிகம் என்று எழுதியிருந்தாய். கம்பளிக் கோட்டைக் கழற்றாதே. நம் மில் மிளகாய்த்தூளும் சாம்பார்ப் பொடியும் தகர டப்பாவில் ஈயம் வைத்து அடைத்துக் கப்பலில் அனுப்பியிருக்கிறேன். பக்கத்து அறை வெள்ளைக்காரப் பெண்ணுக்கு மிளகாய்த்தூளைக் காட்டாதே. அந்தப் பிள்ளை தும்மியே செத்துப்போகும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தைப்பூசம் முடிந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. உன் அப்பாவின் முகத்தில் இந்த ஊர்த் தமிழர்கள் அன்று கரி பூசினார்கள். வேறு யாராவது உனக்கு எழுதி நீ தெரிந்துகொள்வதைவிட நானே சொல்லிவிடுகிறேன்.

மே மாதத் தேர்தலில் நம் தொகுதியில் நான் நிற்கப்போவது உனக்குத் தெரியும். கட்சிக்காரர்கள் மூன்று முறை காத்தோங் வீட்டுக்கு வந்து கேட்டார்கள். வக்கீல்கள், டாக்டர்கள், சீன டவுக்கே முதலாளிகள், எல்லாரும் படித்தவர்கள், நிலபுலன் உள்ளவர்கள். எதையும் நிதானமாகச் செய்வோம், ஸ்ட்ரைக், கலாட்டா, கல்லெறிதல் எல்லாம் வேண்டாம், வியாபாரம் நடந்தால்தான் ஊர் நடக்கும் என்பது அவர்கள் கொள்கை. என் கொள்கையும் அதுதான். நான்கு வருஷத்துக்கு முன்னால் மில் வாசலில் சிவப்புத் துணி கட்டி உட்கார்ந்தார்களே, நீ கூட ஜன்னல் வழியாகப் பார்த்து அழுதாயே. அதை மறந்துவிட்டு நான் எப்படி அந்தப் பக்கம் போவேன்?

கட்சிச் செயலாளரின் மனைவி ஒருநாள் தேக்காவில் துணி வாங்கப் போயிருக்கிறாள். அங்கே ஒரு சந்தில் உன் அம்மா, என் மனைவி ரத்தினம்மா, முந்தானையை ஏந்தி ஒரு வீட்டு வாசலில் நின்று அரிசி வாங்கியதைப் பார்த்துவிட்டாள். வேட்பாளரின் மனைவி பிச்சை எடுக்கிறாளா என்று கிளப்பில் பேச்சு. செயலாளர் என்னிடம் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நானும் கூடச் சிரித்து வைத்தேன்.

அது பிடி அரிசி என்று நான் அவருக்கு இங்கிலீஷில் எப்படி விளக்குவேன், நீயே சொல். தஞ்சோங் பகார் தொழிலாளர் லைன் வீடுகளிலும் தேக்கா சந்துகளிலும் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பார்கள். மாதா மாதம் கார்த்திகை அன்று துறைமுகத் தொழிலாளி பெண்டாட்டி முத்தாயி இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு, சில மாதம் உன் அம்மாவையும் சேர்த்துக்கொண்டு, வாசல் வாசலாக வந்து கேட்பாள். வருஷம் முழுக்கச் சேர்ந்ததைப் பொங்கித் தைப்பூசத்தன்று டோபி காட் பந்தலில் காவடியோடு வருகிறவர்களுக்குப் போடுவார்கள். இதையெல்லாம் சொன்னால் அவர், ஏன், நீங்களே வாங்கிக் கொடுக்க வசதி இல்லையா என்பார். வசதி இல்லையா! அந்தக் கேள்வியை யாரும் கேட்க விடக்கூடாது என்று முடிவு செய்தேன்.

அதனால் மார்கழி மாதக் கட்சிக் கூட்டத்தில், மைக்கில், எல்லாரும் கேட்கச் சொன்னேன். இனி எந்த ஏழை வீட்டுப் பிச்சை அரிசியும் வேண்டாம், இந்த வருஷ அன்னதானம் முழுக்க மருதப்பன் உபயம், எந்தத் தாயும் இனி வீடு வீடாக அலைய வேண்டாம், என் வீட்டு வாசலுக்கும் வர வேண்டாம் என்று அறிவித்தேன். கைதட்டல் பலமாக இருந்தது என்று என் தேர்தல் ஏஜெண்டு கோவிந்தசாமி சொன்னான். வாசல் காவல்கார ஜாகாவிடமும் சொல்லி, கார்த்திகைக்கு வந்த முத்தாயியைத் திருப்பி அனுப்பிவிட்டேன். ஏழைகள் வயிற்றில் அடித்தேனா? அவர்கள் உலையிலிருந்து எடுக்கும் பிடியை அவர்கள் பிள்ளைகளே தின்னட்டும் என்றுதானே சொன்னேன்?

தைப்பூசத்தன்று டோபி காட்டில் பந்தல் போட்டேன். வாழை மரம், மின்விளக்கு, கட்சியின் குடைச் சின்னம் போட்ட துணி, நடுவில் என் படம். ஒரு லாரி நிறையப் பச்சரிசி. கேரட்டும் பட்டாணியும் போட்டுக் குருமா, வடை, பாயசம், எல்லாம். கட்சித் தலைவர்கள் கோட்டு சூட்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். காவடிகள் வந்தன. கூட்டம் வந்தது. பந்தலை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒருவர் விடாமல் நேராகப் போய்விட்டார்கள்.

எங்கே போனார்கள் தெரியுமா? சாலைக்கு எதிர்ப்புறம், ஒரு சைக்கிள் கடைக்காரரிடம் முற்றத்தைக் கேட்டு வாங்கி, முத்தாயி கூட்டம் அண்டா வைத்திருந்தது. குழம்பு கிடையாது, ரசம் கிடையாது. உப்புப் போட்ட வெறும் வெண்பொங்கல். அதுவும் அரிசி பற்றாமல் ஆளுக்கு ஒரு கரண்டி. அந்த ஒரு கரண்டிக்கு அந்த வெயிலில் வரிசை நின்றார்கள், சந்திரா. என் மில்லில் வேலை செய்கிறவர்களும் நின்றார்கள். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஆனால் வரிசையை விட்டு வரவில்லை.

அண்டா பக்கத்தில் கரண்டி பிடித்து நின்றது உன் அம்மா.

நான் என்ன செய்வேன்? எழுந்து போய்க் கையைப் பிடித்து இழுக்கவா? தலைவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கோவிந்தசாமி மைக்கில் 'வாங்க, வாங்க, எல்லாம் ஃப்ரீ லா' என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனான். கடைசியில் நாலைந்து வெள்ளைக்காரக் கப்பல் சிப்பாய்களும் சீனப் பிள்ளைகளும் வந்து வடையை மட்டும் தின்றுவிட்டுப் போனார்கள். மிச்சச் சோற்றை ஒரு பன்றிப் பண்ணைச் சீனர் வந்து பீப்பாய் பீப்பாயாக அள்ளிக்கொண்டு போனார். முருகனுக்கென்று நான் பொங்கியதை அன்று பன்றிகள் தின்றன. இந்த அவமானத்தை எந்தத் தண்ணீரில் கழுவ முடியும்?

அம்மாவை விசாரித்து எழுதியிருந்தாய். சிராங்கூன் ரோட்டில் பூவம்மா சின்னம்மாவுக்கு முட்டி வலி அதிகமாம். துணைக்கு அங்கே போயிருக்கிறாள். இரண்டொரு நாளில் வந்துவிடுவாள்.

நன்றாகப் படி. பாரிஸ்டராகி வந்து முதலில் உன் அப்பாவுக்காக வழக்காடு.

அன்புள்ள அப்பா,
மருதப்பன்

•

காத்தோங்
29 மார்ச் 1959

செல்வ மகள் சந்திரமதிக்கு அப்பாவின் ஆசீர்வாதம்.

உன் கடிதம் கிடைத்தது. நான் எவ்வளவு எழுதியிருந்தேன்! நீ நாலே வரி எழுதியிருக்கிறாய். அதில் ஒரு வரி கேள்வி: பூவம்மா சின்னம்மாவின் முட்டி வலி இரண்டு மாதமாகவா இருக்கிறது என்று. வக்கீலுக்குப் படிக்க அனுப்பியது தப்பாகப் போயிற்று. குறுக்கு விசாரணையை அப்பாவிடமே ஆரம்பித்துவிட்டாய்.

சரி, சொல்கிறேன். உன் அம்மா வீட்டுக்கு வரவில்லை. சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை, பெட்டி படுக்கை எடுக்கவில்லை. தைப்பூசத்தன்று அண்டாவைக் கழுவிக் கொடுத்துவிட்டு நேராகச் சின்னம்மா வீட்டுக்குப் போனவள் அங்கேயே இருந்துவிட்டாள். யாராவது கேட்டால் தங்கைக்கு உதவி என்கிறாள். என் மானத்தைக் காப்பாற்றுகிறாளாம். நானும் அதையே சொல்லி அவள் மானத்தைக் காப்பாற்றுகிறேன்.

நான் போய்க் கூப்பிடவில்லை என்று நினைக்காதே. போனேன். காரைச் சந்து முனையில் நிறுத்திவிட்டு நடந்து போனேன். பூவம்மா காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் உன் அம்மாவிடம் நியாயம் கேட்டேன். இந்த ஊருக்கு நான் என்ன குறை வைத்தேன்? தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு மண்டபம் கட்டிக் கொடுத்தேன். பிரசவ விடுதிக்கு இரும்புக் கட்டில்கள் கொடுத்தேன். கோவிலில் மின்விசிறி, மணி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் என் உபயம். நான் என்ன சூதாடியா, குடிகாரனா? ஒரு வார்த்தை வாய் தவறி வந்ததற்கு வீட்டை விட்டு வருவாயா என்று கேட்டேன்.

அவள் சத்தமே போடவில்லை. 'நீங்க சயாமுல இருந்தப்ப நடந்தது உங்களுக்குக் கதைதானே' என்றாள்.

ஜப்பான்காரன் காலத்தில் என்னைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனபோது உனக்கு ஐந்து வயது. உனக்கு விஷ ஜுரம் கண்டதும், மருந்து கிடைக்காததும், உன் அம்மா டேங்க் ரோடு முருகனுக்கு வேண்டிக்கொண்டு மஞ்சள் புடவை கட்டி மடிப்பிச்சை ஏந்தியதும் நீ கேட்டு வளர்ந்த கதைதான். அப்போது அரிசி ரேஷன். எல்லார் வீட்டிலும் மரவள்ளிக் கிழங்குதான். அந்த நிலையில் ஒவ்வொரு வீட்டிலும் தங்கள் குழந்தைக்கு என்று எடுத்து வைத்திருந்த அரிசியிலிருந்து ஒரு பிடி போட்டார்களாம். முத்தாயி வீட்டில் அன்று அவ்வளவுதான் இருந்ததாம். அதை வழித்துப் போட்டாளாம். அந்த அரிசியைக் கஞ்சி வைத்து உனக்கு ஊட்டி, மீதியைப் பொங்கி ஏழைகளுக்குப் போட்டுத்தான் இந்தத் தைப்பூசப் பந்தலே ஆரம்பித்தது.

'அந்த அரிசியத்தான் நீங்க பிச்சை அரிசின்னு மைக்ல சொன்னீங்க. அவங்க எல்லாரும் கேட்டுக்கிட்டு நின்னாங்க. நானும் நின்னேன்' என்றாள்.

அந்தக் கதை எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் மேடையில் நிற்கும்போது எல்லாக் கதையும் ஞாபகம் வருமா? எதிரே ஆயிரம் தலை. பக்கத்தில் செயலாளர். கோவிந்தசாமி எழுதிக் கொடுத்த தாளில் அந்த வார்த்தை இருந்தது, படித்தேன். அவ்வளவுதான். அதைப் போய் இத்தனை மாதம் கட்டி அழுதால் ஒரு மனிதன் அரசியல் செய்ய முடியுமா?

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. அதே மேடையில், அதே மைக்கில், பிடி அரிசி பிச்சை இல்லை என்று நான் சொல்ல வேண்டுமாம். சொன்னால் அன்றே வீட்டுக்கு வருகிறேன் என்றாள். பிரசார மேடையில் பக்கத்தில் உட்காரக் கூடத் தயார் என்றாள்.

நான் இறங்கி வந்தேன், சந்திரா. உண்மையாகவே இறங்கி வந்தேன். மறுநாளே செயலாளரிடம் போய் இப்படி ஒரு வார்த்தை பேச வேண்டும் என்றேன். அவர் சிகரெட்டைத் தட்டிக்கொண்டு, சொன்ன பேச்சைத் திருப்பி வாங்குகிற வேட்பாளருக்கு எவனும் ஓட்டுப் போடமாட்டான், அதுவும் பெண்கள் சொல்லித் திருப்பி வாங்கினால் சிரிப்பார்கள், தேர்தல் முடியட்டும், பிறகு சாவகாசமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றார். எனக்கும் அது சரியென்று பட்டது. இரண்டு மாதம்தானே? உன் அம்மாவால் பொறுக்க முடியாதா? என் வெற்றியைவிட அந்த வார்த்தை அவளுக்குப் பெரிதாகிவிட்டதா? நானும் பிடிவாதக்காரன்தான். அவள் பொறுக்கவில்லை என்றால் நானும் போவதாக இல்லை.

ரவூப் மாமா வந்திருந்தார். அவருக்கு நோன்பு. பாத்திரக் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு மசூதிக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தார். அவரிடம் என் ஆற்றாமையைக் கொட்டினேன். அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? சிரித்தார். 'பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்த கடிகாரத்துல உங்க பேரை எவ்வளவு பெருசா எழுதிட்டீங்க முதலாளி, பிள்ளைங்களுக்கு முள்ளே தெரியல' என்றார். பிறகு, நோன்புக் கஞ்சிக்கு வருஷா வருஷம் தானும் அரிசி கொடுப்பதாகவும், ஆனாலும் கஞ்சி வாங்கச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வரிசையில்தான் நிற்பதாகவும் சொன்னார். எதற்கு இதை என்னிடம் சொல்கிறீர் என்று எரிந்து விழுந்தேன். சும்மா சொன்னேன் என்று குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எல்லாருக்கும் என்னிடம் மட்டும் சும்மா சொல்ல ஏதாவது இருக்கிறது.

அடுத்த மாதம் வேட்புமனு. உன் கடிதத்தின் கடைசி வரியில், நிற்காதீர்கள் அப்பா என்று எழுதியிருந்தாய். அதற்கு நான் பதில் எழுதப்போவதில்லை. லண்டனில் அந்தச் சிவப்புத் துணிக் கட்சி மாணவர்களோடு நீ பழகுகிறாய் என்று கேள்விப்பட்டேன். பழகு. ஆனால் உனக்குப் படிப்புக்குப் பணம் அனுப்புவது பழமைவாதி மருதப்பனின் மில்தான் என்பதையும் அவர்களிடம் சொல்.

கோபத்தில் எழுதிவிட்டேன். எழுதியதை அடித்துத் திருத்தினால் இன்னும் அசிங்கமாகத் தெரியும் என்று அப்படியே விடுகிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடு.

அப்பா

•

காத்தோங்
14 ஜூன் 1959

என் கண்ணு சந்திராவுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

தந்தி கொடுத்திருந்தேன். தோற்றுப்போனேன் என்பது உனக்குத் தெரியும். டெபாசிட்டும் போயிற்று. சீனர் ஓட்டு எனக்கு விழாது என்று முதலிலேயே தெரியும். அதில் எனக்கு வருத்தமில்லை. ஓட்டுப் போடாவிட்டால் இந்த முறை சட்டப்படி காரணம் கேட்பார்கள் என்று ஊரே திரண்டு வந்து போட்டது. தேக்காவில் என் மிளகாய்த்தூள் இல்லாமல் ஒரு வீட்டில் குழம்பு கொதிக்காது. அந்தச் சந்துகளிலிருந்து எனக்கு விழுந்த ஓட்டைக் கோவிந்தசாமி சொல்லவே கூச்சப்பட்டான். இத்தனை வருஷம் மற்றவர்களுக்கு மிளகாய் அரைத்தேன். கடைசியில் என் தலையிலேயே அரைத்துவிட்டார்கள்.

அதைவிடக் கொடுமையைக் கேள். தேர்தலுக்கு முன் ஒரு நாளைக்கு நாலு முறை டெலிபோன் செய்த கட்சித் தலைவர்கள் ஒருவர் கூட ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. நானே கிளப்புக்குப் போனேன். செயலாளர் வேறு யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, பாவம் மிஸ்டர் மருதப்பன், உங்கள் ஆட்களே உங்களைக் கைவிட்டுவிட்டார்கள் என்று முதுகில் தட்டினார். உங்கள் ஆட்கள்! அன்று மைக்கில் நான் யாரைக் கேவலப்படுத்தினேனோ அவர்களை இன்றைக்கு அவர் என் ஆட்கள் என்கிறார். அவர் பேச்சைக் கேட்டுத்தானே வாயை மூடிக்கொண்டிருந்தேன்? வந்த கோபத்தில் அவர் கையைத் தட்டிவிட்டு வந்துவிட்டேன். சந்தாவை இனிக் கட்டப்போவதில்லை.

ஓட்டுப் போட்ட நாளன்று ஒன்று நடந்தது. பள்ளிக்கூட வாசலில், நான் கட்டிய மண்டபத்து நிழலில், முத்தாயியும் லைன் பெண்களும் வரிசையில் நின்றார்கள். நான் வேட்பாளர் என்ற முறையில் கும்பிட்டேன். எல்லாரும் திரும்பக் கும்பிட்டார்கள். முத்தாயி மட்டும் கிட்டே வந்து, 'ஐயா முகம் வாடியிருக்கே, சாப்பிட்டீங்களா' என்றாள். ஓட்டு எனக்குப் போடப்போவதில்லை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எவ்வளவு திமிர் இருந்தால் அதைக் கேட்டிருப்பாள் என்று அன்று நினைத்தேன். இப்போது வேறு மாதிரி நினைக்கிறேன். விடு.

ஜூன் மூன்றாம் தேதி தன்னாட்சி வந்துவிட்டது என்று ஊரெல்லாம் கொண்டாட்டம். நான் வீட்டில் இருந்தேன். சாப்பாடு சிராங்கூன் ரோட்டு மெஸ்ஸிலிருந்து தூக்குப் பாத்திரத்தில் வருகிறது. அவர்கள் வாங்குவதும் நம் மில் மசாலாதான். ஆனாலும் உன் அம்மா கைப்பக்குவம் வரவில்லை. சொல்லியும் பார்த்தேன். முறைத்தார்கள்.

அன்று உப்பு தேடி அடுப்படிக்குப் போனேன். நீ சிரிக்காதே, நம் வீட்டு அடுப்படியில் உப்பு எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அரிசிப் பானைக்குப் பின்னால் அந்தப் பழைய பால்மாவு டின் இருந்தது. நீ குழந்தையாக இருந்தபோது எண்ணி விளையாடக் கூழாங்கல் போட்டு வைப்பாயே, அதே டின். உன் அம்மா இத்தனை வருஷமும் பிடி அரிசி போட்டு வந்தது அதில்தான். திறந்து பார்த்தேன். மார்கழியில் முத்தாயியை நான் திருப்பி அனுப்பினேனே, அன்றைக்குக் கொடுக்க வைத்திருந்தது அப்படியே பாதி டின் கிடந்தது.

என்னவோ எனக்குத் தோன்றியது. அதில் ஒரு பிடி போடலாம் என்று கையை விட்டேன். பிறகுதான் யோசித்தேன். மெஸ் சாப்பாடு தின்கிறவன் எந்த உலையிலிருந்து ஒரு பிடி எடுப்பான்? உலை வைத்தால் அல்லவா எடுக்க முடியும்? அதனால் மெஸ்காரனை நிறுத்திவிட்டு நானே சோறு வடிக்கிறேன். முதல் நாள் அடிப்பிடித்தது. மறுநாள் கஞ்சியானது. சயாமில் கூட இதைவிட நன்றாகப் பொங்கியிருக்கிறேன். இப்போது பரவாயில்லை. ஒவ்வொரு முறையும் கழுவுவதற்கு முன் ஒரு பிடி டின்னில் போகிறது. என் கை பெரியது, சீக்கிரம் நிரம்பிவிட்டது.

நிரம்பியதும் என்ன செய்தேன், கேள். டிரைவரிடம் கொடுத்துச் சின்னம்மா வீட்டுக்கு அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் டின் திரும்பி வந்தது, அரிசி குறையாமல். அரிசியை அனுப்பி வைக்கிறது வழக்கம் இல்லை, வாசலில் வந்து கேட்டால்தான் போடணும், அந்த வாசலுக்கு வரக்கூடாது என்று ஐயாதான் சொல்லிவிட்டார் என்று உன் அம்மா சொல்லி அனுப்பியிருக்கிறாள். டிரைவர் அதை அப்படியே ஒப்பிக்கிறான், ஒரு வார்த்தை குறைக்காமல். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கொண்டுபோய்க் கொடுத்தாலும் குற்றமா? இந்த ஊரில் மருதப்பன் கொடுத்து வாங்காதவர்கள் யார்? பள்ளிக்கூடம் வாங்கியது, கோவில் வாங்கியது, ஆஸ்பத்திரி வாங்கியது. ஒரு டின் அரிசியை, அதுவும் நானே அடுப்பில் கையைச் சுட்டுக்கொண்டு எடுத்து வைத்ததை, திருப்பி அனுப்புகிறாள் என் பெண்டாட்டி!

கோபம் இறங்க ஒரு நாள் ஆயிற்று. போன கார்த்திகை அன்று ஜாகாவிடம் கேட்டைத் திறந்து வை என்றேன். யாரை விடணும் முதலாளி என்று கேட்டான். யார் வந்தாலும் விடு என்றேன். மில்லுக்குப் போகவில்லை. முன்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். டின் பக்கத்தில். காத்தோங் சாலையில் பஸ் நின்று நின்று போயிற்று. ஐஸ்காரன் வந்தான், சட்டை தைக்கிற சீனத்தி வந்தாள், ரவூப் மாமா வந்து பார்த்துவிட்டு அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். பிடி அரிசி கேட்க யாரும் வரவில்லை.

எப்படி வருவார்கள்? நான் அவர்களை வராதே என்றது ஆயிரம் பேர் காதில் விழுந்தது. வா என்பது ஜாகா காதில் மட்டும் விழுந்திருக்கிறது. உன் அம்மா கேட்டதைச் சொல்ல எனக்கு இப்போது மேடையும் இல்லை, மைக்கும் இல்லை. கோவிந்தசாமி வாடகை மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். சின்னம்மா வீட்டுச் சந்தில் போய் நின்று சொல்லலாம். காரில் இரண்டு முறை சந்து முனை வரை போனேன். இறங்காமலே திரும்பிவிட்டேன். சந்தில் எல்லார் வீட்டுக் கதவும் திறந்திருக்கிறது. மேடையில் பேசுவது போல இல்லை அது.

அதனால் உன்னிடம் கேட்கிறேன். நீ எழுதினால் அம்மா கேட்பாள். உன்னைக் காப்பாற்றிய அரிசி அது. நீ பேசினால் அதற்கு மரியாதை உண்டு. வீட்டுக்கு வரச் சொல் என்று நான் கேட்கவில்லை. அது அவள் இஷ்டம். அடுத்த கார்த்திகைக்குத் தேக்காவிலும் தஞ்சோங் பகாரிலும் கேட்கும்போது, இந்தக் காத்தோங் வீட்டு வாசலிலும் ஒரு முறை நின்று கேட்கச் சொல். மற்ற வீடுகளில் எப்படிக் கேட்பார்களோ அப்படியே. முத்தாயி வந்தாலும் சரி. நான் எழுந்து வந்து என் கையால் போடுவேன். எல்லாரும் பார்க்கப் போடுவேன். முந்தானை ஏந்தி வருவது உன் அம்மாவாக இருந்தால், சொல்ல வேண்டியதை அந்த வாசலிலேயே சொல்லிவிடுவேன். ஜாகாவும் கேட்கட்டும், பக்கத்து பங்களாக்காரர்களும் கேட்கட்டும்.

நீ அந்த மாணவர்களோடு பழகுவதைப் பற்றி முன்பு எழுதியதை மறந்துவிடு. அப்பா பணம் வழக்கம் போல அனுப்புகிறேன். பரீட்சை நன்றாக எழுது. முருகன் துணை இருப்பான், உனக்கு என்றும் இருந்திருக்கிறான்.

உன் அப்பா,
மருதப்பன்

பி.கு. உன் கடிதத்தை ஆகாயத் தபாலிலேயே போடு, கப்பலில் வேண்டாம். மழை பிடித்திருக்கிறது. டின் அரிசியில் வண்டு விழுவதற்குள் அவள் வர வேண்டும்.